1967 எம்ஜிபியில் முதல் கியருக்கு சிங்க்ரோ உண்டா?

கேள்வி, 12 மார்ச் 2023

ஒரு எம்ஜிபி ரோட்ஸ்டர் (பிரிட்டிஷ் எம்ஜி கம்பெனியோட கூரை திறக்கிற ஸ்போர்ட்ஸ் கார்) பார்த்து வெச்சிருக்கேன். 1967 பதிவு. நாலு கியருக்கும் சிங்க்ரோ (ஓடும்போதே கியர் உரசாம விழ வைக்கிற அமைப்பு) இருக்கு, ஓவர்டிரைவ் (எஞ்சின் மெதுவா சுத்தியே அதே வேகத்துல போக வைக்கிற கூடுதல் கியர்) இருக்கு, எல்லாமே ஃபேக்டரியில போட்டதுன்னு விக்கிறவர் சொல்றார். அந்த வருஷ வண்டிக்கு முதல் கியர்ல சிங்க்ரோ கிடையாதுன்னு எங்கேயோ படிச்ச ஞாபகம். எது சரி?

12 மார்ச் 2023, இரவு 10.40

விக்கிறவர் சொல்றது நடக்காது. 1967ன்னா மார்க் 1, அதாவது முதல் பதிப்பு. அதில் இரண்டு, மூணு, நாலுக்கு மட்டும்தான் சிங்க்ரோ. முதல் கியரை வண்டி நின்ன பிறகு போடணும், இல்லேன்னா டபுள் கிளட்ச் (நடுவுல நியூட்ரல்ல கிளட்சை ஒரு தடவை விட்டு மறுபடி மிதிக்கிறது) அடிக்கணும். விகிதம் (வெளியே வர்ற ஷாஃப்ட் ஒரு சுத்து சுத்த எஞ்சின் எத்தனை சுத்துங்கிறது) முதல் கியர் 3.64, இரண்டாவது 2.21, மூணாவது 1.37, டாப் (நாலாவது) நேரடி. ரிவர்ஸ் 4.76.

என்கிட்ட இருக்கிறது 1968 ஜிடி (எம்ஜிபியோட மூடின கூரை வகை), மார்க் 2. நாலுக்கும் சிங்க்ரோ, முதல் கியர் 3.44. ஓவர்டிரைவோட ஃபேக்டரியில இருந்து வந்த அசல் பெட்டி (கியர்பாக்ஸ்).

13 மார்ச், காலை

நேத்து "நடக்காது"ன்னு எழுதினதைத் திருத்தணும். மார்க் 2 வண்டிகள் எம்ஜி ஃபேக்டரி இருந்த ஆபிங்டன்ல 1967 நவம்பர் வாக்கிலேயே வர ஆரம்பிச்சிடுச்சு. அதனால 1967 பதிவுள்ள மார்க் 2 இருக்கலாம். பதிவு வருஷத்தை வெச்சு முடிவு கட்டினது என் தப்பு.

சேசிஸ் நம்பரைப் பாருங்க. ஜிஎச்என்3ன்னு ஆரம்பிச்சா மார்க் 1 ரோட்ஸ்டர், ஜிஎச்என்4ன்னா மார்க் 2. ஜிடியா இருந்தா 'என்'ங்கிற எழுத்து இருக்கிற இடத்துல 'டி' வரும். என் வண்டி ஜிஎச்டி4.

13 மார்ச், மதியம்

எஞ்சின் நம்பர் தகடும் பேசும். 18ஜிபி-யு-எச்ன்னா மூணு சிங்க்ரோ பெட்டி, ஓவர்டிரைவ் இல்ல. 18ஜிபி-ஆர்யு-எச்ன்னா அதே பெட்டி, ஓவர்டிரைவ் உண்டு. அந்த ஆர்தான் ஓவர்டிரைவ். மார்க் 2ல 18ஜிடி-டபிள்யூஇ-எச் (இந்த ஜிடி எஞ்சின் வகையோட எழுத்து, ஜிடி வண்டியோட பேர் இல்ல), ஓவர்டிரைவ் இருந்தா 18ஜிடி-ஆர்டபிள்யூஇ-எச். ஆட்டோமேட்டிக்னா 18ஜிடி-ஆர்சி-எச், இதுல வர்ற ஆரை ஓவர்டிரைவ்னு நினைச்சிடாதீங்க.

1964 அக்டோபருக்கு முந்தின 18ஜி, 18ஜிஏ எஞ்சின்ல கிராங்க் ஷாஃப்டுக்கு (எஞ்சினோட முக்கியத் தண்டு) மூணு பேரிங்தான். அப்புறம் வந்த 18ஜிபியில அஞ்சு. கியர்பாக்ஸ் முனை போய் உட்காருற கிராங்க் துளையும் அப்போ மாறிடுச்சு. வெளியில பார்க்க ஒரே மாதிரி இருக்கிற இரண்டு மூணு-சிங்க்ரோ பெட்டிகள் ஒண்ணுக்கு ஒண்ணு அப்படியே மாத்த முடியாததுக்கு இதுதான் காரணம்.

13 மார்ச், இரவு

மத்தவருக்கு இவ்வளவு சொல்லிட்டு என் வண்டித் தகட்டைப் பார்க்காம இருக்க முடியல. டார்ச்சை எடுத்துக்கிட்டு கராஜுக்குப் போனேன். எண்ணெய்ப் பிசுக்கைப் பழைய பல் துலக்குற பிரஷ்ஷால தேய்ச்சதும் எழுத்து தெரிஞ்சுது.

18ஜிடி-டபிள்யூஇ-எச். ஆர் இல்ல.

14 மார்ச்

ராத்திரி தூக்கம் வரல. போன அக்டோபர்லதான் இந்த வண்டியை வாங்கினேன். "அசல் ஓவர்டிரைவ்"னு விளம்பரத்துலயே போட்டிருந்தாங்க, அதை நம்பித்தான் பேசின விலையைக் கொடுத்தேன். ஸ்விட்சைத் தட்டினா ஓவர்டிரைவ் விழுது. ஆனா தகடு இல்லைங்குது.

அந்தத் தகடு எஞ்சினுக்குத்தான் பேசும், கியர்பாக்ஸுக்குப் பேசாது. அம்பத்தஞ்சு வருஷத்துல எஞ்சினையே மாத்தியிருக்கலாம். தகட்டை மட்டும் வெச்சு ஒருத்தரைப் பொய்யர்னு சொல்ல எனக்கு மனசு வரல. பெட்டியையேதான் கேட்கணும்.

16 மார்ச்

பெட்டியைக் கழட்டாம கேட்க ஒரு வழி இருக்கு. இந்த வண்டியில கியர்பாக்ஸைக் கீழே இறக்கி எடுக்க முடியாது, எஞ்சினோட சேர்த்துத் தூக்கித்தான் ஆகணும். அந்த வேலையில இறங்குறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சு பாருங்க.

பின் சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பற மாதிரி ஸ்டாண்ட் மேல வண்டியை நிறுத்துங்க. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில போகாதீங்க. முன் சக்கரத்துக்கு முன்னாலயும் பின்னாலயும் கட்டை வையுங்க. ஸ்பார்க் ப்ளக் நாலையும் கழட்டிட்டா எஞ்சின் கையால சுத்தும். முன்னால கிராங்க் புல்லியில ஒரு சாக்பீஸ் கோடு, அடியில ப்ராப் ஷாஃப்ட் (கியர்பாக்ஸ்ல இருந்து பின் ஆக்ஸிலுக்குப் போற தண்டு) ஃபிளாஞ்சில ஒரு கோடு. முதல் கியரைப் போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துட்டு, புல்லி நட்டை ஸ்பேனரால சுத்துங்க. ப்ராப் ஷாஃப்ட் பத்து சுத்து சுத்துறதுக்குள்ள எஞ்சின் எத்தனை சுத்து சுத்துதுன்னு எண்ணணும்.

மூணு சிங்க்ரோ பெட்டின்னா 36 சுத்தும் கொஞ்சமும். நாலு சிங்க்ரோன்னா 34 சுத்தும் கொஞ்சமும். ஒரே ஒரு சுத்தை எண்ணினா பல்லுக்கு இடையில இருக்கிற தொளதொளப்பு கணக்கைக் கெடுத்துடும். பத்துன்னா அது கரைஞ்சு போயிடும்.

16 மார்ச், பிறகு

முதல் கியரை விட ரிவர்ஸ் நல்ல சாட்சி. மூணு சிங்க்ரோவுல 4.76, நாலு சிங்க்ரோவுல 3.09. பத்துக்கு 47ஆ 31ஆ. நடுவுல எண்ணிக்கை ஒண்ணு இரண்டு தப்பினாக்கூட பதில் மாறாது. இரண்டாவது கியர்ல மெனக்கெடாதீங்க. 2.21க்கும் 2.17க்கும் உள்ள வித்தியாசத்தை சாக்பீஸ் கோட்டால பிடிக்க முடியாது.

19 மார்ச்

இன்னைக்கு வீட்லயே செஞ்சு பார்த்தோம். பொண்ணு முன்னால நின்னு ஸ்பேனரைச் சுத்தினா. நான் அடியில படுத்துக்கிட்டு ஃபிளாஞ்சைப் பார்த்துக்கிட்டிருந்தேன். கோடு அடியில வரும்போதெல்லாம் "வந்துச்சு"ன்னு நான் சொல்லணும், அவ புல்லி சுத்தை எண்ணணும்.

முதல் கியர்: முப்பதும் ஒரு அரையும்.

34 வரணும். எண்ணிக்கையை விட்டுட்டான்னு நினைச்சு, திரும்ப எண்ணச் சொன்னேன். திரும்பவும் முப்பதரை. சரி, ரிவர்ஸ்ல பார்ப்போம்னு கியரை மாத்தினோம். முப்பத்தொண்ணுக்குக் கொஞ்சம் குறைச்சல். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண். கியர் மாறவே இல்லையோன்னு சந்தேகம் வந்துடுச்சு. "அப்பா, ஷாஃப்ட் எந்தப் பக்கம் சுத்துது?"ன்னு அவதான் கேட்டா. பார்த்தேன். எதிர்ப்பக்கம் சுத்துது. அப்போ ரிவர்ஸ்தான், சந்தேகமில்ல.

ரிவர்ஸ் 3.09, அதனால நாலு சிங்க்ரோ பெட்டி. முதல் கியர் 3.04. அந்த விகிதம் 1968 வண்டிக்கு இல்லவே இல்ல. 1974 கடைசிக்கு அப்புறம் ரப்பர் பம்பரோட வந்த வண்டிகளுக்கு வந்தது அது.

19 மார்ச், இரவு

12ஆம் தேதி "என் வண்டி, முதல் கியர் 3.44, அசல் பெட்டி"ன்னு எழுதினேனே, அந்த வரி பொய்யாப் போச்சு. அழிக்கல. அப்படியே இருக்கட்டும், கீழே படிக்கிறவங்களுக்குப் புரியும்.

21 மார்ச்

ஓவர்டிரைவ் வகை கேட்டிருக்கீங்க. ஷெஃபீல்ட்ல லேகாக் கம்பெனி செஞ்சது. அமைப்பைக் கண்டுபிடிச்சவர் டி நார்மன்வில். மார்க் 1ல டி டைப், விகிதம் 0.80. மார்க் 2ல இருந்து எல்எச் டைப், 0.82. இரண்டும் அதது பெட்டிக்குத்தான் பொருந்தும்.

எல்எச்லயும் இரண்டு வகை இருக்கு. பக்கவாட்டு மூடித் தகட்டுல இருக்கிற லேபிள் கறுப்பா நீலமான்னு பாருங்க. கறுப்பு முந்தினது, நீலம் பிந்தினது. கறுப்பு லேபிளுக்கு 1280ன்னு போட்ட ஸ்பீடோமீட்டர், நீல லேபிளுக்கு 1000ன்னு போட்டது. ஒரு மைலுக்கு கேபிள் எத்தனை சுத்து சுத்தும்ங்கிற கணக்கு அது. டயல் முகத்துலயே சின்ன எழுத்துல இருக்கும்.

என் வண்டியில லேபிள் நீலம். டயல்ல 1280.

21 மார்ச், தொடர்ச்சி

அந்த டயலைப் பார்த்துக்கிட்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டேன். அக்டோபர்ல வண்டியை எடுத்துக்கிட்டு மோட்டார்வேயில வந்தப்போ என் மனைவி எங்க இன்னொரு கார்ல பின்னாலயே வந்தா. நடுவுல டீ குடிக்க நிறுத்தினோம். "புது வண்டின்னு இப்படியா எழுபதுல விரட்டுறது, நான் பிடிக்கவே முடியல"ன்னா. அம்பத்தஞ்சைத் தாண்டவே இல்லைன்னு நான் சத்தியம் பண்ணினேன். அவ நம்பல. வீடு வர்ற வரைக்கும் எங்களுக்குள்ள பேச்சு இல்ல.

1000 சுத்து அனுப்புற பெட்டி, 1280 எதிர்பார்க்கிற டயல். நிஜத்துல 70 மைல்ல போனா டயல் காட்டுறது 55. அவ சொன்னதுதான் சரி. ஆர்பிஎம் முள்ளு அன்னைக்கே உண்மையைச் சொல்லிக்கிட்டிருந்துச்சு. ஓவர்டிரைவ் டாப்ல ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 21.8 மைல். முள்ளு 3200ல நின்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பெருக்கினா 70. நான் பெருக்கல.

இன்னைக்கு அவகிட்ட மன்னிப்புக் கேட்டேன். கிராமத்துச் சாலையில 30 பலகை இருக்கிற இடத்துல, பள்ளிக்கூடத்துக்கு முன்னாடியெல்லாம், நான் 38ல போயிருக்கேன். அதை நினைச்சா வயிறு கலங்குது. டயலை மாத்துற வரைக்கும் வண்டி கராஜை விட்டு வெளியில வராது.

22 மார்ச்

ஒரு சின்ன எச்சரிக்கை. 21.8ங்கிற கணக்கு பின் ஆக்ஸில் 3.909 இருந்தாத்தான் செல்லும். பெட்டியையே மாத்தினவங்க ஆக்ஸிலையும் மாத்தியிருக்கலாம். அதே சாக்பீஸ்ல அதையும் பாருங்க: பின் சக்கரம் இரண்டும் சேர்ந்து பத்து சுத்து சுத்தினா ப்ராப் ஷாஃப்ட் 39 சுத்து. ஒரு சக்கரம் மட்டும் சுத்தி இன்னொண்ணு நின்னுக்கிட்டிருந்தா கணக்கு பாதியாயிடும், ஏமாந்துடாதீங்க. என்னுது 39தான். அது வரைக்கும் சரி.

25 மார்ச்

எம்ஜிபி ஜிடி வி8 பெட்டியை வாங்கிப் போடலாமான்னு ஒருத்தர் கேட்டிருக்கார். வேண்டாம். 3528 சிசி ரோவர் எஞ்சினுக்காகச் செஞ்சது, பெல் ஹவுசிங்கே வேற. முதல் கியர் 3.14. மொத்தமே 2,591 வண்டிதான் வந்துச்சு. கிடைக்கிற பெட்டி அந்த வண்டிக்காரங்களுக்குப் போகட்டும்.

27 மார்ச்

சிங்க்ரோ இல்லாத முதல் கியரை ஏன் இவ்வளவு பேர் பயப்படுறீங்கன்னு தெரியல. எங்க அப்பா மதுரையில அம்பாசடர் டாக்ஸி ஓட்டினார். அதுவும் இந்தக் குடும்பம்தான்: மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் வண்டி, இதே பி சீரீஸ் எஞ்சினோட 1489 சிசி தம்பி, ஸ்டீயரிங்ல கியர். முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது.

வத்தலகுண்டு தாண்டி கொடைக்கானல் மலை ஏறும்போது, ஆளும் பெட்டியும் நிறைஞ்ச வண்டி கொண்டை ஊசி வளைவுல இரண்டாவது கியர்ல திணறும். நின்னுட்டா பின்னால வர்ற பஸ் ஹாரனை அலற விடும். அப்பா நிறுத்தமாட்டார். கிளட்சை மிதிச்சு நியூட்ரல், கிளட்சை விட்டு ஆக்சிலேட்டர்ல ஒரு அழுத்து, திரும்ப கிளட்ச், முதல் கியர். வெண்ணெய்ல கத்தி மாதிரி இறங்கும். ஒரு சத்தம் வராது. முன் சீட்டு நடுவுல உட்கார்ந்துக்கிட்டு அவர் கால் இரண்டையும் பார்த்துக்கிட்டே வருவேன்.

அதனால உங்க வண்டி மூணு சிங்க்ரோன்னு தெரிஞ்சா அதைக் குறைன்னு நினைச்சு விலை பேசாதீங்க. உடைஞ்ச பல்லுக்குப் பேசுங்க. ஓட்டிப் பார்க்கும்போது முதல் மூணு கியர்லயும் உறுமி, டாப்ல அமைதியாயிட்டா லே ஷாஃப்ட் (பெட்டிக்குள்ள இருக்கிற துணைத் தண்டு) பேரிங் தேய்ஞ்சிருக்கு. டாப் நேரடி, லே ஷாஃப்ட் வழியா சுமை போகாது, அதான் அமைதி.

30 மார்ச்

எண்ணெய் பத்தி. இந்தப் பெட்டிக்கு எஞ்சின் ஆயில்தான், 20டபிள்யூ50. ஓவர்டிரைவும் அதே எண்ணெய்லதான் வேலை செய்யுது. என் வண்டி ஓவர்டிரைவ் ஸ்விட்சைத் தட்டி இரண்டு மூணு விநாடி கழிச்சுத்தான் விழும். வடிச்சுப் பார்த்தேன். அழுகின முட்டை மாதிரி கந்தக வாடை. வாங்கறதுக்கு முன்னாடி சர்வீஸ் பண்ணின ஒரு கராஜ் ஆக்ஸிலுக்குப் போடுற கியர் ஆயிலை ஊத்தி வெச்சிருக்கு. பில்லுலயும் "கியர் ஆயில்"னே எழுதியிருக்காங்க. ஓவர்டிரைவுக்குள்ள ஒரு கூம்பு கிளட்ச் இருக்கு, அது எண்ணெய்க்குள்ளயே உராய்ஞ்சு பிடிக்கணும். வழுக்கலுக்குன்னே மருந்து கலந்த எண்ணெய்ல அது எப்படிப் பிடிக்கும்?

அடித்தகட்டைக் கழட்டி வலை ஃபில்டரையும் கழுவினேன். புது எண்ணெய் கிட்டத்தட்ட 3.4 லிட்டர். இனி ஓட்டிப் பார்த்துத்தான் சொல்லணும்.

இன்னொண்ணு. ஓவர்டிரைவ் பிடிச்ச நிலையில ரிவர்ஸ் எடுத்தா உள்ளே இருக்கிற ஒருவழிக் கிளட்ச் நொறுங்கிடும். அது நடக்காம இருக்கத்தான் பெட்டி மேல ஒரு தடுப்பு ஸ்விட்ச் இருக்கு. வாங்கும்போது இரண்டாவது கியர்ல ஓவர்டிரைவ் ஸ்விட்சைத் தட்டிப் பாருங்க. ஆர்பிஎம் இறங்கிச்சுன்னா யாரோ அந்தத் தடுப்பை ஒயர் போட்டுத் தாண்டியிருக்காங்க. அந்த வண்டி வேண்டாம்.

2 ஏப்ரல்

என் பெட்டிக்கு வயசு கணிக்கப் பார்த்தேன். மூணு, நாலு இரண்டுலயும் ஓவர்டிரைவ் விழுது. 1977க்கு அப்புறம் நாலுல மட்டும்தான் விழும்படி மாத்திட்டாங்க. அப்போ 1975க்கும் 1977க்கும் நடுவுல வந்த பெட்டின்னு எழுதலாம்னு உட்கார்ந்தேன்.

எழுதி முடிச்சதும் யோசனை வந்துச்சு. மேலே நானே சொன்ன மாதிரி அந்தத் தடுப்பு ஸ்விட்ச் விவகாரத்துல கை வைக்கிறவங்க நிறைய. அது பலமான சாட்சி இல்ல. பிந்தின பெட்டிங்கிறதோட நிறுத்திக்கிறேன்.

11 ஏப்ரல்

இங்கிலாந்துல கேடன்ல இருக்கிற பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துல ஃபேக்டரி பதிவேடுகள் இருக்கு. சேசிஸ் நம்பர் கொடுத்துப் பணம் கட்டினா ஹெரிட்டேஜ் சான்றிதழ் அனுப்புவாங்க. எனக்கு வந்துடுச்சு. எஞ்சின் நம்பர் ஒத்துப்போகுது, அசல் எஞ்சின்தான். ஓவர்டிரைவ் போட்டதா அதில் இல்ல.

தகடு சரியாத்தான் சொல்லியிருக்கு. யாரோ ஒருத்தர் அப்புறமா ஒரு ரப்பர் பம்பர் வண்டியில இருந்து பெட்டியைக் கழட்டி இதுல ஏத்தியிருக்கார். வேலையைச் சுத்தமாத்தான் செஞ்சிருக்கார், டயலை மட்டும் விட்டுட்டார். விளம்பரம் பொய். பெட்டி நல்ல பெட்டி. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

16 ஏப்ரல்

கேள்வி கேட்டவர் சாக்பீஸோட போய்ப் பார்த்துட்டு வந்து எனக்கு எழுதியிருக்கார். முதல் கியர் 34 சுத்தும் கொஞ்சமும். ரிவர்ஸ் 31. லேபிள் கறுப்பு. அப்படின்னா முந்தின காலத்து நாலு சிங்க்ரோ, எல்எச் ஓவர்டிரைவ். விக்கிறவர் சிங்க்ரோவைப் பத்திச் சொன்னது நிஜம்தான்.

ஆனா சேசிஸ் ஜிஎச்என்3. எஞ்சின் 18ஜிபி.

மார்க் 1 வண்டியில அந்தப் பெட்டி சும்மா உட்காராது. போர்க் வார்னர் ஆட்டோமேட்டிக்கும் போடணும்னுதான் மார்க் 2ல நடுவுல இருக்கிற டனலை (கியர்பாக்ஸை மூடுற தரை மேடு) அகலமாக்கினாங்க. எஞ்சினுக்குப் பின் தகடு, ஃபிளைவீல், ஸ்டார்ட்டர் எல்லாம் வேற. யாரோ எல்லாத்தையும் மாத்தி, டனலையும் வெட்டியிருக்கணும். கார்பெட்டைத் தூக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கேன். வெட்டினதைப் பத்தி எனக்கு ஆட்சேபணை இல்ல, வெல்டிங் எப்படி இருக்குன்னு தெரியணும்.

18 ஏப்ரல்

படம் அனுப்பியிருக்கார். டனல் இரண்டு பக்கமும் நீளமா வெல்டிங் தையல். இடது பக்கம் ஒரே சீரா, நல்லா சாணை பிடிச்சிருக்கு. வலது பக்கம் பெடல்கிட்ட விரல் நீளத்துக்கு ஓட்டை, அதுல ஏதோ பிசினை அடைச்சு கறுப்பு பெயிண்ட் அடிச்சிருக்காங்க. "ஃபேக்டரி"ங்கிற வார்த்தையை விளம்பரத்துல இருந்து எடுக்கச் சொல்லி, அந்த ஓட்டைக்கும் சேர்த்து விலையைக் குறைக்கச் சொல்லியிருக்கேன்.

6 மே

1000 போட்ட டயல் வந்து மாட்டியாச்சு. இன்னைக்கு மனைவி பின்னால வந்தா, பொண்ணு என் பக்கத்துல போன்ல வேகத்தைப் பார்த்துக்கிட்டே வந்தா. டயல்ல 60, போன்ல 59. ஓவர்டிரைவ் ஸ்விட்சைத் தட்டினதும் அரை விநாடியில விழுது. டீக்கு நிறுத்தின இடத்துல மனைவி சொன்னா, "இன்னைக்கு ரொம்ப மெதுவா போறீங்க."